1939-ஆம் ஆண்டு ரூபாய்

கச்சிராயபாளையத்தில் பழைய வீட்டுப் பெட்டிகளிலிருந்து வெள்ளி ரூபாய்கள் இன்றும் அவ்வப்போது வெளிவருவதுண்டு. ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்தவற்றில் 1938-ம், 1940-க்குப் பிந்தையவையும் கிடைக்கும். 1939 கிடைப்பது மிக அரிது. காரணம் என்ன?

1835 முதல் ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, மீதி செம்பு. ‘ரூபாய் எடை’ என்று வைத்தியர்கள் மருந்துச் சரக்கை நிறுக்குமளவுக்கு அது மாறாத அளவாக விளங்கியது.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. மறு ஆண்டு பிரான்சு வீழ்ந்ததும் மக்கள் நோட்டை நம்பாமல் வெள்ளியைப் பதுக்கலாயினர். அரசு ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது; நாணயத்திலும் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. மீதியில் செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 பங்குகள். பழைய ரூபாய்கள் படிப்படியாகச் செல்லாதவையாக்கப்பட்டு உலைக்குச் சென்றன. பழைய தரத்தில் அடித்த கடைசி ரூபாய் 1939-க்கு உரியது. அதில் மிஞ்சியவை சிலவே.

ஜெர்மனியும் இவ்வழியே சென்றது. 1923-இன் கடும் பணவீக்கத்துக்குப் பின், 1924-இல் வந்த ஒரு மார்க் நாணயத்தில் பாதியே வெள்ளி. 1933 முதல் அதுவும் நீங்கி, தூய நிக்கல் வந்தது. நிக்கல் எஃகை உறுதியாக்கும் உலோகம். போர் வந்ததும் 1940-இல் அந்த நாணயங்களும் திரும்பப் பெறப்பட்டன. நம் ரூபாயும் 1947-இல் நிக்கலானது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பித்தர வேண்டியிருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

இம்மாற்றத்தை மாணவர்கள் தாமே சோதித்தறியலாம். நிக்கல் ரூபாயைக் காந்தம் ஈர்க்கும். வெள்ளி ரூபாயை ஈர்க்காது. வெள்ளி ரூபாய்கள் இரண்டையும் பிரித்தறிய ஆர்க்கிமிடீசு விதி உதவும். நாணயத்தை நூலில் கட்டி, நுண்தராசில் தொங்கவிட்டு, நீரில் அமிழ்த்தி நிறுங்கள். பழைய ரூபாய் சுமார் 1.13 கிராம் எடை இழக்கும். பாதி வெள்ளி ரூபாய் சுமார் 1.22 கிராம் இழக்கும். பத்தில் ஒரு கிராமுக்கும் குறைவான இவ்வேறுபாட்டில் ஒரு போரின் கதை அடங்கியிருக்கிறது!

ஆனால் 1938-இன் கடைசி இலக்கத்தைத் திருத்தி 1939 ஆக்கியிருந்தால் இச்சோதனை பயன்படாது. இரண்டும் ஒரே உலோகக்கலவை அல்லவா? அங்கே உருப்பெருக்கிக் கண்ணாடிதான் துணை.

கொலுசுக்காகப் பாட்டியின் ரூபாயை உருக்கக் கொடுக்குமுன் அதிலுள்ள ஆண்டைப் பாருங்கள். உருகிய வெள்ளி எடையில் குறையாது. வரலாறு மட்டும் திரும்பாது.