ஒரு மதிலும் எண்பது உடைமையாளரும்

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், டீஜோன் நகருக்குத் தெற்கே, கன்மதில் சூழ்ந்த திராட்சைத் தோட்டம் ஒன்று உள்ளது. குளோ டெ வூஜோ என்பது அதன் பெயர். 'குளோ' என்னும் பிரெஞ்சுச் சொல் அடைப்புக்குட்பட்ட நிலத்தைக் குறிக்கும். வூஜோ என்பது அருகிலுள்ள சிற்றூர். தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 125 ஏக்கர்.

1098-ஆம் ஆண்டில் சீத்தோ என்னுமிடத்தில் கிறித்தவத் துறவியர் மடம் ஒன்று தோன்றியது. பழைய மடங்களில் செல்வமும் ஆரவாரமும் மிகுந்துவிட்டன எனக் கருதி, எளிமையும் உடலுழைப்பும் வேண்டிப் பிரிந்து வந்தோர் அதனை நிறுவினர். பூசைக்குத் திராட்சை மது இன்றியமையாதது. சீத்தோவோ சதுப்பு நிலம். ஆகவே 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் வூஜோச் சரிவில் நிலம் தேடினர். கொடையாகவும் விலைக்கும் துண்டு துண்டாகச் சேர்ந்த நிலம் ஒரே தோட்டமாகி, 1336-இல் மதிலுக்குள் அடங்குவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயின. பழம் பிழிவதற்கு அவர்கள் அமைத்த மாபெரும் மரச்செக்குகள் நான்கினை இன்றும் அங்கே காணலாம். 1551-இல் மடத்தலைவர் அதன் அருகே ஒரு மாளிகையை எழுப்பினார். எளிமையை நாடிப் புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் மாளிகை கட்டினர் என்பது கருதத்தக்கது.

1789-இல் வெடித்த புரட்சி திருச்சபையின் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. துறவியர் வெளியேறினர்; தோட்டம் ஏலத்திற்கு வந்தது. ஆயினும் அது உடனே சிதறிவிடவில்லை. 1818-இல் அதனை வாங்கிய உவ்ரார் குடும்பத்தார் எழுபது ஆண்டுகளாக ஒரே உடைமையாகக் காத்தனர். இதற்கிடையில், 1878-இல் அம்மாவட்டத்தில் காணப்பட்ட பிலக்சரா என்னும் பூச்சி திராட்சையின் வேர்களை அரித்தழித்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டுவதே தீர்வாயிற்று. அதற்குப் பெரும்பொருள் வேண்டும். 1889-இல் தோட்டம் ஆறு வணிகர்க்கு விற்கப்பட்டது. அதன்பின், பிள்ளைகள் அனைவர்க்கும் சமபங்கு என்னும் நெப்போலியன் சட்டம் தன் வேலையைச் செய்தது. மக்களுக்கு நீதியான அச்சட்டம் தோட்டத்துக்கு நன்மையாக அமையவில்லை. இன்று உடைமையாளர் ஏறத்தாழ எண்பதின்மர். அவர்களுள் மிகப்பெரும் பங்குடையோர்க்கும் பதினைந்து ஏக்கர் இல்லை.

சிதைந்திருந்த மாளிகையை லெயோன்சு பொக்கே என்னும் வணிகர் பெருஞ்செலவில் புதுப்பித்தார். எனினும் அதற்கு நிலையான வாழ்வு வந்தது பின்னரே. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் பர்கண்டி மது விலைபோகாமல் தேங்கியது. வாங்குவாரின்றிக் கிடக்கும் மதுவைத் தாங்களே நண்பரை அழைத்து விருந்தளித்துப் பருகுவோம் எனச் சிலர் 1934-இல் ஒரு கழகம் கண்டனர். மதுவைச் சுவைத்துப் பார்க்கும் சிறு வெள்ளிக் கிண்ணத்தின் பெயரையே அதற்கு இட்டனர். மாளிகை 1944-இல் அக்கழகத்தின் இருப்பிடமாயிற்று. அங்கு நடைபெற்ற விருந்துகள் பர்கண்டியின் புகழை உலகெங்கும் பரப்பின.

புத்துயிர் பெற்றது மாளிகையே. நிலம் மீண்டும் ஒன்றாகவில்லை. மாளிகையை ஒட்டிய மேற்சரிவு சுண்ணாம்புப் பாறை மீதமைந்த மெல்லிய மண், நீர் தேங்காது. நெடுஞ்சாலையை அடுத்த கீழ்ப்பகுதி ஈரம் தங்கும் களிமண். துறவியர் மேலும் கீழும் விளைந்தவற்றைக் கலந்தனர் என்பது வழிவழிச் செய்தி. இன்றோ ஒவ்வொருவரும் தத்தம் துண்டில் விளைந்ததையே புட்டியிலடைக்கின்றனர். ஆயினும் 1937-இல் வகுக்கப்பட்ட அரசு விதி மதிலுக்குட்பட்ட நிலம் முழுமைக்கும் ஒரே உயர்தரத்தை வழங்கியது. மண்ணுக்கன்றி மதிலுக்கு அளித்த தரம் அது. ஆகவே புட்டியின் மேலுள்ள தோட்டப் பெயரை நம்பி வாங்குவோன் ஏமாறலாம். அதன்கீழ்ச் சிற்றெழுத்தில் உள்ள உடைமையாளர் பெயரையும் படித்தாக வேண்டும்.

பர்கண்டியின் திராட்சை நிலங்களை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. பழைய செக்குகள் இப்போது பார்வைக்கு மட்டுமே. அறுவடைக் காலத்தில் கூடைகள் மாளிகை வாயிலைக் கடந்து, பெரும்பாலும் மதிலுக்கு வெளியே, அண்டை ஊர்களிலுள்ள அவரவர் நிலவறைகளுக்கே செல்கின்றன.