ஒரே கூட்டணியில் 2 மைலேஜ் கணக்கு: லாபமா, நஷ்டமா?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா, லுஃப்தான்சா மூன்றுமே ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உள்ளவை. மூன்றின் மைலேஜ் திட்டத்திலும் சேரலாம், தடையில்லை. ஆனால், ஒரு பயணத்தின் மைல்கள் ஒரே கணக்கில்தான் ஏறும்.

சிக்கல் எங்கே?

ஒரு திட்டத்தின் மைலை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. உதாரணமாக, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் கோல்டு தகுதி பெற 12 மாதத்தில் 50,000 எலைட் மைல் வேண்டும். அங்கே 30,000 மட்டும் சேர்த்துவிட்டு, மற்ற பயணங்களை ஏர் இந்தியா கணக்கில் போட்டால் கோல்டு கிடைக்காது. அதோடு வரும் லவுஞ்ச், கூடுதல் லக்கேஜ் சலுகையும் போச்சு. கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் 3 ஆண்டில் காலாவதியும் ஆகும்.

என்ன செய்யலாம்?

அடிக்கடி பறப்பவர்கள் ஒரே கணக்கில் சேர்ப்பதே நல்லது. கூட்டணியில் எந்த விமானத்தில் போனாலும், புக்கிங்கின்போது அந்த உறுப்பினர் எண்ணையே கொடுங்க. சில மலிவு டிக்கெட்டுகளுக்கு மைலே கிடைக்காது, முன்னாடியே பார்த்துக்கோங்க.