பதிவேடுகளில் பிழைபட்ட பெயர்கள்

முன்னோரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடிச் சென்று, "அப்படியொரு பெயரே இல்லை" என்ற விடையோடு திரும்பியோர் நம்மிடையே பலர். பல வேளைகளில் பதிவு இருக்கும். பெயர்தான் வேறு உருவில் இருக்கும்.

சென்னை மாகாணத்தில் இப்பதிவுகளுக்கென 1899ஆம் ஆண்டு தனிச் சட்டம் வந்தது. சிற்றூர்களில் அப்பணி கிராம முன்சீபின் கையில் இருந்தது. அரபுப் பெயர்கள் காதில் விழுந்தவாறே எழுதப்பட்டன. தமிழில் 'காதர்' என்றிருப்பது ஆங்கில அடைவில் கே, கியூ, சி ஆகிய மூன்றில் எதன் கீழும் வரலாம். பெயர் சூட்டுமுன் பதிந்ததால் 'பெண் குழந்தை' என்று மட்டுமே நின்றுவிட்ட வரிகளும் உண்டு.

இச்சிக்கல் நம் இமாம்களுக்குப் புதிதன்று. ஒரே பெயருடைய ஹதீஸ் அறிவிப்பாளர்களைப் பிரித்தறிய கதீப் அல்பக்தாதி தனி நூலே இயற்றினார். எழுத்தில் ஒத்து, ஒலியில் வேறுபடும் பெயர்களைத் தாரகுத்னீ தொகுத்தார். தந்தை பெயர், ஊர், காலம், ஆசிரியர் ஆகியவற்றை ஒப்பிட்டே ஒருவரை இன்னாரென அவர்கள் உறுதிசெய்தனர்.

அவ்வழியே நமக்கும் ஏற்றது. அடைவோடு நில்லாமல் மூலப் பதிவைக் காண்போம். ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரோடும் சொத்துப் பத்திரங்களோடும் அதனை ஒப்பிடுவோம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த பதிவேடுகளில் ஓரக்குறிப்பையும் படிப்போம். மூல வரியை மாற்றாமல், திருத்தத்தை ஓரத்தில் எழுதிக் கையொப்பமும் தேதியும் இடவேண்டும் என்பது அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு.

ஒரு பெயர் பிழைபட்டால், ஒரு பெண்ணுக்கு அல்லாஹ் விதித்த வாரிசுப் பங்கே கைநழுவிப் போகலாம். ஆகவே, இச்சரிபார்ப்பு நம்மீதுள்ள அமானிதமாகும்.