நாகன் யார் ஆள்?

எங்கட அம்மம்மாமார் காலத்தில் ஒழுங்கைக்கு ஒரு நாகம்மாவோ நாகலிங்கமோ இருந்திருப்பினம். வீட்டுக்குள்ள வந்தாலும் அடிக்காமல் விடுகிற பாம்புக்கும் அதே பெயர்தான். வடமராட்சி கிழக்கில் ஒரு நாகர்கோவில், தமிழ்நாட்டில் இன்னொரு நாகர்கோவில். எங்களுக்கு அந்த ஊர்ப்பெயர் கேட்டவுடன் 1995இல் பள்ளிக்கூடத்தில் விழுந்த குண்டும் ஞாபகத்துக்கு வரும்.

1936இல் வல்லிபுரத்தில் கண்டெடுத்த பொன்னேட்டில், வசப மன்னன் காலத்துப் பிராமி எழுத்தில், 'நகதிவ' என்று இருக்கு. நாகதீவு! ஏடு இருப்பது பிராகிருத மொழியில். இது ஒன்றே போதும், இரண்டு பக்கமும் மல்லுக்கட்ட.

ஒரு ஆசனத்துக்காக இரண்டு நாக அரசர்கள் மோதினதாகவும் புத்தர் வந்து விலக்குப் பிடித்ததாகவும் மகாவம்சம் சொல்லுது. மணிமேகலையிலும் அதே கதை இருக்கு. இப்ப ஆசனத்தை விட்டிட்டு, நாகர் தமிழரோ சிங்களவரோ என்று நாங்கள் மோதுறம்.

அநுராதபுரத்தில் இளநாகன் என்றொரு அரசன் இருந்தான். சங்கப் புலவர்களில் மருதன் இளநாகனார் இருக்கிறார். ஆக்கள் வேறு, பெயர் ஒன்று. பெயரை வைத்து இனத்தை எழுத வெளிக்கிட்டால் இவர்களில் யாரை எந்தப் பக்கம் சேர்ப்பது? கல்வெட்டு வெட்டின காலத்து ஆக்களுக்கு இந்தக் கேள்வியே விளங்கியிருக்காது என்றுதான் நாங்கள் நினைக்கிறம்.

குறிகட்டுவானில் படகு ஏறுங்கோ. நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர்களும் நாகதீப விகாரைக்குப் போறவர்களும் பக்கத்தில பக்கத்திலதான் இருப்பினம்.