மூன்றாவது துளையின் வரலாறு

தில்லியில் கழித்த முதல் குளிர்காலத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நான் வந்தது 1978-இல். கரோல்பாகில் ஒரு மாடி அறை. நாங்கள் மூன்று பேர். வாளித் தண்ணீரில் ராடைப் போட்டுவிட்டுப் பேப்பர் படிப்பது காலை வழக்கம். கடைத்தெருவில் மலிவாக வாங்கிய ராடு அது; ஒயரில் இரண்டு முள் பிளக்தான் இருந்தது.

ஒரு நாள் தண்ணீர் சுட்டுவிட்டதா என்று பார்க்க அறை நண்பர் கையை விட்டார். ஈரத் தரை, வெறுங்கால். அப்படியே பிடித்துக்கொண்டது, கத்தக்கூட முடியவில்லை. இன்னொருவர் பாய்ந்து சுவிட்சை அணைத்ததால் பிழைத்தார். வீட்டுக்காரரிடம் முறையிட்டபோது அவர் இந்தியில் கேட்டார்: "ரெண்டு முள்ளுலேயே வேலை நடக்குதே, மூணாவது எதுக்கு?"

நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடப் போய்த்தான் இந்த வரலாறு எனக்குக் கிடைத்தது.

மின்சாரம் பரவத் தொடங்கிய காலத்தில் ஊருக்கு ஒரு வோல்டேஜ், கம்பெனிக்கு ஓர் அளவு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மின்சார மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. அதன் விளைவாக 1906-இல் லண்டனில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பிறந்தது. முதல் தலைவர் கெல்வின் பிரபு.

நம் சுவரில் இருக்கும் உருண்டை முள் பிளக்கின் மூலம் 1934-இல் வெளிவந்த பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரம். 1947-இல் பிரிட்டன் பட்டை முள்ளுக்கு மாறிவிட்டது. நாம் உருண்டை முள்ளிலேயே நின்றோம். அதே 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பே, இந்தியத் தரக் கழகம் தொடங்கியது. நாம் 'ஐ.எஸ்.ஐ.' என்று சொல்வது இதைத்தான். முதல் இயக்குநர் டாக்டர் லால் சந்த் வர்மன். பிளக்குக்கு நம் தரம் ஐ.எஸ். 1293. பழைய 5, 15 ஆம்பியர்கள் பின்னாளில் 6, 16 ஆனது உலக அளவுகளோடு ஒத்துப்போகத்தான்.

உலகுக்கெல்லாம் ஒரே பிளக் என்று 1986-இல் ஒரு சர்வதேசத் தரமும் வந்தது. அதை எடுத்துக்கொண்டவை தென்னாப்பிரிக்கா, சில மாற்றங்களுடன் பிரேசில் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடிக்கணக்கான சுவர்களை யார் இடிப்பது? ஆகவே பிளக்கின் வடிவம் ஒன்றாகவில்லை. ஆனால் சோதனை முறை நெருங்கி வந்தது. வீட்டு மின்சாதனப் பாதுகாப்புக்கான நம் ஐ.எஸ். 302, சர்வதேசத் தரமான 60335-ஐ ஒட்டியே அமைந்தது. கசிவு எவ்வளவு இருக்கலாம், இன்சுலேஷன் எதைத் தாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். பிளக் வேறாக இருந்தாலும் உயிர் ஒன்றுதானே!

இப்போது வீட்டுக்காரர் கேள்விக்கு வருவோம். மூன்றாவது முள் பருமன், அதனால் வேறு துளையில் நுழையாது. நீளமும் அதிகம், அதனால் முதலில் தொட்டு கடைசியில் விலகும். ராடின் உலோக உறைக்குள் இன்சுலேஷன் பழுதானால் மின்சாரம் அந்த வழியே மண்ணுக்கு ஓடி ஃபியூஸை எரிக்கும். அந்த வழி இல்லாதபோது நண்பரின் உடம்பே வழியானது.

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டமும் ஒரே ஆண்டில் வந்தன. அமைவனம் 1987 ஏப்ரல் 1 முதல் இயங்குகிறது. ஐ.டி.ஓ. பக்கம் பகதூர் ஷா ஜபர் மார்க்கில் பஸ்ஸில் போகும்போது பார்க்கும் மானக் பவன்தான் அதன் தலைமையகம். 2003-இல் வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணையின் பட்டியலில் ராடு, இஸ்திரிப் பெட்டி, ஒயர் எல்லாம் இருந்தன, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் அவற்றை விற்பது குற்றம்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தரம் காகிதத்தில் முடிவதில்லை, சுவரில் முடிகிறது. இன்றும் பல வாடகை வீடுகளில் மூன்றாவது துளை இருக்கிறது, பின்னால் எர்த் ஒயர் இல்லை. மூன்று முள் பிளக்கின் முள்ளை வெட்டிவிட்டு, துளையில் தீக்குச்சி சொருகி வேலை பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

சங்கத்து அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்பதுபோல், எர்த் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் போடச் சொல்லுங்கள். பொருள் வாங்கும்போது முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று: வரைவுத் தரங்களுக்குக் கருத்து எழுதும் உரிமை பொறியாளருக்கு மட்டுமல்ல, குடும்பம் நடத்தும் எவருக்கும் உண்டு.

அந்த நண்பர் இப்போது பேரன் பேத்தியோடு இருக்கிறார். இன்றும் அவர் தண்ணீரைத் தொடுவது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான்.