மலை மேல கொதிக்கிற தண்ணி

வில்பட்டி பக்கம் குக்கர் இல்லாம பருப்பு வேகவைக்கிறது பெரும்பாடு. கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, அதனால தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவச்சு ஊசி போட்ட காலத்துலயும் இங்க அதே 93தான். டெட்டனஸ் ஸ்போர் 100 டிகிரியிலயே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்!

எலும்பை மெத்துன்னு வேகவைக்க டெனிஸ் பாப்பின் 1679ல ஒரு மூடிய பாத்திரம் செஞ்சார். நம்ம குக்கரோட பாட்டன் அது. அதே தத்துவம் ஆட்டோகிளேவா மாற 200 வருஷம் ஆச்சு: 1879, பாஸ்டரோட உதவியாளர் சார்லஸ் சேம்பர்லாண்ட்.

கேஜ் காட்டுறது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம்னு மட்டும்தான். சென்னையில 15 பவுண்ட் அழுத்தத்துக்கு 121 டிகிரி. அதே 15க்கு இங்க 118கூட வராது. 18க்கு மேல வேணும், இல்லன்னா நேரத்தைக் கூட்டணும். மலை ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற தம்பி தங்கைகளே, முள் 15ல நிக்குதுன்னு டைமரைப் போட்டுடாதீங்க, தெர்மாமீட்டரைப் பாருங்க.