வீட்டுச் சுவருக்கு நிறம் தேடுவோர் முதலில் திறக்க வேண்டியது சேலை அலமாரி

தீபாவளி நெருங்கினால் சாயக்கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். நிற அட்டையில் நூற்றுக்கணக்கான கட்டங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முன்பு பூசிய அதே கிரீம் நிறத்தையே வாங்கிக்கொண்டு திரும்புவோர் பலர். கிரீம் நிறத்தில் தவறில்லை. ஆனால் நிறத்தைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் தயங்குவதற்குக் காரணம் இல்லை.

மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, கத்தரிப்பூ, வெங்காயத்தோல், அரக்கு எனச் சேலைக்கடையில் நம் பெண்கள் நிறத்தைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ‘எம்.எஸ். நீலம்’ என்ற நிறமே உண்டு. இவ்வளவு நுணுக்கமான நிறச் சொற்களை வைத்திருப்பவர்கள், சுவர் என்று வந்ததும் ‘கொஞ்சம் மஞ்சள் மாதிரி’ என்று நிறுத்திக்கொள்வதுதான் விந்தை.

காஞ்சிபுரப் பட்டு நிறப் பொருத்தத்திற்கு நல்ல பாடநூல். கோர்வை முறையில் உடலையும் கரையையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து இணைப்பார்கள். அதனால் பச்சை உடலும் அரக்குக் கரையும் ஒன்றோடொன்று கலங்காமல் நிற்கின்றன. அதைவிட முக்கியம் அளவு. உடல் நிறம் பெரும்பங்கு, கரை அதில் ஒரு பகுதி, சரிகை கீற்றளவு. வீட்டு அலங்காரத்தில் 60, 30, 10 விழுக்காடு என்று சொல்லப்படும் கணக்கும் ஏறக்குறைய இதுவே. சுவர் உடல் என்றால் திரைச்சீலையும் நாற்காலி உறையும் கரை. பித்தளை விளக்கும் படச் சட்டமும் சரிகை.

ஆனால் சேலை நிறத்தை அப்படியே சுவருக்கு ஏற்றக்கூடாது. சிறு கட்டத்தில் மென்மையாகத் தெரியும் நிறம், நான்கு சுவரிலும் பரவும்போது ஒன்றில் ஒன்று பட்டு எதிரொளித்து அழுத்தமாகிவிடும். நிற அட்டையில் பிடித்ததைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதை எடுப்பது பாதுகாப்பு. சிறிய சாய டின் ஒன்றை வாங்கி, பெரிய அட்டையில் இரண்டு பூச்சு பூசி, காலையிலும் மாலையிலும் இரவிலும் சுவரில் சாய்த்துப் பார்க்கலாம். வெண்மையான டியூப் விளக்கின்கீழ் நீலம் குளிர்ந்து தெரியும். மஞ்சள் ஒளி பல்பின்கீழ் அதே நீலம் சற்றுப் பச்சைப் பக்கம் சாயும். மலிவு விலை வீடுகளில் பகலிலும் விளக்கு எரியும் அறைகள் உண்டு. அங்கே விளக்கொளியில் பார்ப்பதே கணக்கு.

ஊரைச் சுற்றிப் பார்த்தும் கற்கலாம். பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையின் ஆழ்ந்த நீலம், சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்த பூச்சு. அந்த அவுரி இந்தியாவிலிருந்து வந்த சரக்கு. வெள்ளையடிக்கும்போது வாளியில் சிறிது நீலம் கரைத்த பெரியவர்களுக்கு இந்த வித்தை புதிதாக இருக்காது. சிங்கப்பூர்த் தேக்காவில், கெர்பாவ் சாலையின் டான் டெங் நியா இல்லம் 1900இல் கட்டப்பட்டது. இன்று அதில் தெரியும் வானவில் நிறங்கள் பழமையானவை அல்ல, பிற்காலப் புதுப்பிப்பில் வந்தவை. பத்துமலையின் 272 படிகள் 2018இல் பல வண்ணமானபோது, மரபுடைமைத் தலத்தில் அனுமதியின்றிச் சாயம் பூசலாமா என்ற கேள்வியும் எழுந்தது. பசுமையான குன்றும் திறந்த வானமும் இருப்பதால் அந்த நிறங்கள் அங்கே எடுபடுகின்றன. பத்தடி அறையில் அதையே செய்தால் கண் களைத்துவிடும். வெளியே பார்த்ததைப் படமெடுத்து, அதில் மூன்று நிறங்களை மட்டும் பிரித்து, எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று நோட்டில் குறித்து வந்தால் கண் பழகிவிடும்.

கை பழகக் கோலம் போதும். மஞ்சள்தூளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாகும் என்பதை ஆரத்தித் தட்டு கரைத்த எல்லாரும் அறிவர். பிள்ளைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என நான்கு போஸ்டர் வண்ணங்களைக் கொடுத்து, அம்மாவின் சேலைக் கரை நிறத்தைக் கலந்து கொண்டுவரச் சொல்லலாம். பச்சை மிகவும் பளிச்சென்று வந்தால் கறுப்பை ஊற்றாமல் ஒரு சொட்டுச் சிவப்பு விட வேண்டும். எதிர்நிறம் சேர்ந்தால் பளிச்சு அடங்கும். நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு, மஞ்சளுக்கு எதிர் ஊதா.

இனிச் செலவு. பத்துக்குப் பத்தடி அறை, ஒன்பதடி உயரம் என்றால், கதவு சன்னல் கழித்து ஏறக்குறைய 30 சதுர மீட்டர் சுவர் தேறும். ஒரு லிட்டர் நீர்ச்சாயம் ஒரு பூச்சுக்குப் பொதுவாக 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். இரண்டு பூச்சுக்கு 5 முதல் 6 லிட்டர் தேவை. ஈரம் கசியும் சுவரில் எந்த நிறமும் நிற்காது. கசிவை அடைத்து, பூஞ்சையைக் கழுவிக் காயவிட்ட பிறகே டின்னைத் திறக்க வேண்டும்.

பழைய தோட்ட வீடுகளிலும் பழைய கடைவீடுகளிலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கதவு, சன்னல்களில் உரியும் பழைய எண்ணெய்ச் சாயத்தில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்துத் தேய்ப்பதும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அப்போது வேறிடத்தில் வைப்பதும் அவசியம்.

அடுக்குமாடியின் வெளிச்சுவர் பொதுச் சொத்து. வீவக வீடுகளில் அதற்குச் சாயம் பூசுவது நகர மன்றத்தின் வேலை. தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான வீடென்றால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. உள்ளே பூசியதும், டின் மூடியில் ஒட்டியிருக்கும் நிற எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு சுவரில் கீறல் விழும்போது கடைக்காரரிடம் அதையே காட்டிக் கேட்கலாம்.